நொடியில் இருநூறில் ஒரு பங்குக்குள் ஒரு தீ

1990-இல் ஹூண்டாய் நிறுவனம் ஸ்கூப் என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, சரிந்து இறங்கும் மூக்கு. பார்த்ததும் கை சாவியைத் தேடும் தோற்றம். பானெட்டைத் திறந்து பார்த்தால்தான் சங்கதி தெரியும். உள்ளே இருந்தது எக்ஸெல் என்ற சாதாரணக் குடும்பக் காரின் இன்ஜின். ஒன்றரை லிட்டர், 81 குதிரைத்திறன். அதுவும் ஹூண்டாயின் சொந்தச் சரக்கு கிடையாது. ஜப்பானின் மிட்சுபிஷி வடிவமைத்தது. ஒவ்வொரு இன்ஜினுக்கும் அங்கே ராயல்டி போய்க்கொண்டிருந்தது.

மலிவான ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் வழி உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஒன்றுதான். ஏற்கெனவே லட்சக்கணக்கில் தயாராகும் ஒரு குடும்பக் காரின் அடித்தளத்தை எடுத்துக்கொள்வது. பின்கதவுகளைத் தூக்கிவிட்டு, கூரையைத் தாழ்த்தி, மேலே புதுச் சட்டை போடுவது. காசு மிச்சம். அமெரிக்காவில் பத்தாயிரம் டாலருக்குள் ஸ்கூப்பின் ஆரம்ப மாடலை வாங்க முடிந்தது இப்படித்தான். வடிவத்தால் காற்றுத் தடை கொஞ்சம் குறையும் என்பது நிஜம். ஆனால் நகரத்தில் ஓடும் வேகத்துக்கு அது பெரிய விஷயமில்லை. நெடுஞ்சாலையில் எண்பது, நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால்தான் காற்று கணக்குக் கேட்கும். ஆக, ஸ்கூப்பின் அழகில் குறையில்லை. குறை இதயத்தில் இருந்தது.

அந்த இதயத்தை மாற்ற ஹூண்டாய் என்ன பாடு பட்டது, அந்தப் பாடு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதில்தான் எனக்கு அக்கறை. ஏனென்றால் இதே ஸ்கூப்தான், அடுத்த ஆண்டிலேயே, கொரியர்கள் தாங்களே வடிவமைத்த முதல் பெட்ரோல் இன்ஜினைச் சுமந்துகொண்டு ஓடியது.

இரண்டு கதவும் தாழ்ந்த கூரையுமான இந்த வகைக் காருக்குக் கூபே என்று பெயர். கூபே ஆசை ஹூண்டாய்க்குப் பழையது. 1967-இல் சுங் ஜூ-யுங் தொடங்கிய நிறுவனம் அது. உல்சான் நகரில் ஃபோர்டு கார்டினாவைப் பூட்டிக் கொடுக்கும் வேலையோடு ஆரம்பித்தது. 1974-இல் டூரின் கார்க் கண்காட்சியில் போனி என்ற தன் முதல் சொந்தக் காரைக் காட்டியபோது, பக்கத்திலேயே இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோ வரைந்த போனி கூபேயையும் நிறுத்தியிருந்தார்கள். போனி தொழிற்சாலைக்குப் போனது, கூபே போகவில்லை. போனியின் உடல் இத்தாலியருடையது. இன்ஜின் மிட்சுபிஷியுடையது. உற்பத்தியை மேற்பார்த்தவர் பிரிட்டிஷ் லேலண்டிலிருந்து வந்த ஜார்ஜ் டர்ன்புல். யாரிடம் எது நன்றாக இருந்ததோ அதைக் காசு கொடுத்து வாங்கினார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, கார் செய்யத் தொடங்கிய பல நாடுகளும் இப்படித்தான் தொடங்கின.

1986-இல் எக்ஸெல் அமெரிக்காவுக்குப் போனது. விலை 4,995 டாலர். முதல் ஆண்டிலேயே 1,68,000-க்கும் மேல் விற்றது. வெளியிலிருந்து பார்த்தால் வெற்றி. உள்ளே ஒரு முள். மிட்சுபிஷி ஹூண்டாயில் பங்கும் வைத்திருந்தது, இன்ஜினும் கொடுத்தது. ஆனால் தன் புதிய தொழில்நுட்பத்தைக் கொடுக்க மறுத்தது. பழைய இன்ஜினை வாங்கிப் பூட்டுகிறவன் எப்போதும் ஒரு தலைமுறை பின்னால்தான் நிற்பான். இதை உணர்ந்த ஹூண்டாய் 1984-இலேயே சியோலுக்கு அருகே மாபுக்-ரி என்ற இடத்தில் ஓர் ஆராய்ச்சி மையம் அமைத்து, அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த லீ ஹ்யூன்-சூன் என்ற பொறியாளரை அழைத்துக்கொண்டது. குழுவில் இருந்த இளைஞர்களில் பெரும்பாலோர் ஓர் இன்ஜினை அடியிலிருந்து வரைந்து பார்த்தவர்கள் இல்லை. உதவிக்கு இங்கிலாந்தின் ரிக்கார்டோ நிறுவனத்தைக் கேட்டார்கள். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். கொஞ்சம் கழித்து வருகிறது.

ஓர் இன்ஜின் செய்வதில் அப்படி என்ன கஷ்டம்? நூறு ஆண்டுப் பழைய சமாச்சாரம்தானே? பாடப்புத்தகத்தில் நாலு படம் போட்டு முடித்துவிடுகிறார்கள்: உறிஞ்சு, அமுக்கு, வெடி, துப்பு. அந்த நாலு படத்தின் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

ஸ்கூப்புக்காக வந்த இன்ஜினுக்கு ஆல்ஃபா என்று பெயர். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 75.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83.5 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 1,495 சிசி. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று ஓட விடுவோம். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஒரு நொடியில் நூறு முறை சுற்றும். பிஸ்டன் ஒரு நொடியில் இருநூறு முறை நின்று, திசை திரும்பி, மறுபடி பாயும். மேலே இருந்து கீழே வர அதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு. உச்சியில் நின்று திரும்பும் கணத்தில் அது அனுபவிக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் சுமார் இரண்டாயிரம் மடங்கு. ஒரு பிஸ்டன் முந்நூறு கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில், கிராங்கோடு அதை இணைக்கும் கனெக்டிங் ராடின் கழுத்தில் அது அறுநூறு கிலோவாகத் தொங்கும். நொடிக்கு நூறு முறை இப்படி இழுபடும் ராடை நாம் கண்ணால் பார்ப்பதேயில்லை. அறுந்து, சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தால்தான் பார்ப்போம்.

இனி தீ. இந்த வேகத்தில் ஒரு சிலிண்டர் ஒரு தடவை எரிக்கும் பெட்ரோல் சுமார் முப்பது மில்லிகிராம். சின்னதாக ஒரு சொட்டு. அதை முழுக்க எரிக்க அதன் எடையைப்போல் பதினைந்து மடங்கு காற்று வேண்டும். அந்தச் சொட்டு எரியும்போது வாயுவின் வெப்பநிலை இரண்டாயிரத்து ஐந்நூறு டிகிரி செல்சியஸ் வரை போகிறது. அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஐம்பது மடங்கு என்று எடுத்துக்கொண்டால், பிஸ்டனின் தலையில் விழும் எடை இரண்டு டன்னுக்கும் மேல். ஸ்கூப் காரே ஏறத்தாழ ஒரு டன்தான். ஒரு சொட்டுப் பெட்ரோல் இரண்டு ஸ்கூப்பைத் தூக்கி ஒரு பிஸ்டன் மேல் வைத்துவிடுகிறது, கண்ணிமைக்கும் நேரத்தில் சிறு பகுதிக்குள்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். பிஸ்டன் அலுமினியக் கலவை. அறுநூறு டிகிரியைத் தொடுவதற்குள் உருகிவிடும். இரண்டாயிரத்து ஐந்நூறு டிகிரித் தீயின் அடியில் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது? தீ அதைத் தொடும் நேரம் மிகக் குறைவு, அடுத்த கணமே வெளியிலிருந்து குளிர்ந்த காற்று வந்து நிறைகிறது என்பது ஒரு காரணம். வாங்கிய வெப்பத்தைத் தன்னைச் சுற்றியுள்ள ரிங்குகள் வழியாகச் சிலிண்டர் சுவருக்கும், சுவரிலிருந்து தண்ணீருக்கும் கடத்திவிடுவது இன்னொன்று. மூன்றாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. பிஸ்டனின் தலையை ஒட்டி ஒரு மில்லிமீட்டரை எட்டாத தடிமனில் ஒரு வாயுப் படலம், மற்ற வாயுவோடு சேர்ந்து சுழலாமல், ஏறத்தாழ அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் கவசம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் இருக்கும்வரை பிஸ்டன் முந்நூறு டிகிரிக்குப் பக்கத்திலேயே பிழைத்துக்கிடக்கும். அந்தப் படலத்தைக் கிழிக்கக்கூடிய ஒன்றும் சிலிண்டருக்குள்ளேயே உண்டு; அதற்கு வருகிறேன்.

முதலில் இதைவிடப் பெரிய அதிசயம். பிளக் ஒரு பொறி வைக்கிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையில் தீ பரவத் தொடங்குகிறது. ‘வெடிக்கிறது’ என்று எல்லோரும் சொல்கிறோம். சரியாக ஓடும் இன்ஜினில் எதுவும் வெடிப்பதில்லை. தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போகிறது. எவ்வளவு வேகத்தில்? அசையாத கலவையில் ஆய்வகத்தில் அளந்தால், தீ அதைத் தின்னும் வேகம் நொடிக்கு அரை மீட்டர்கூட இல்லை. அந்த நடையில் போனால் சிலிண்டரில் இருப்பதை எரித்து முடிப்பதற்குள் பிஸ்டன் கீழே போய்த் திரும்பி வந்துவிடும். ஆறாயிரம் சுற்று என்பதை மறந்துவிட வேண்டியதுதான். ஆயிரம் சுற்றே கஷ்டம்.

காப்பாற்றுவது காற்றின் கொந்தளிப்பு. வால்வு திறந்த சிறு இடுக்கு வழியாகக் காற்று பாய்ந்து உள்ளே வருகிறது; வந்த வேகத்தில் சுருண்டு, புரண்டு, பெரிய சுழல்கள் சிறு சுழல்களாக உடைந்து கிடக்கும்போது பொறி விழுகிறது. தீயின் முகம் தட்டையாக இருந்தால் அதன் பரப்பு கொஞ்சம். சுழல்கள் அதை மடித்து மடித்து விடுகின்றன. ஒன்பது கஜச் சேலை கொசுவத்துக்குள் அடங்கிவிடுகிற மாதிரி, சின்ன இடத்துக்குள் பெரிய பரப்பு மடிந்து கிடக்கிறது. மடிப்பு ஒவ்வொன்றும் தன் மெதுவான நடையிலேயே தின்கிறது. ஆனால் எல்லா மடிப்பும் ஒரே நேரத்தில் தின்கின்றன. விளைவு, தீ நொடிக்கு இருபது, முப்பது மீட்டர் வேகத்தில் ஓடுகிறது.

இன்னும் இருக்கிறது. இன்ஜின் வேகம் கூடினால் காற்று உள்ளே பாயும் வேகமும் கூடும். பாய்ச்சல் கூடினால் கொந்தளிப்பு கூடும். கொந்தளிப்பு கூடினால் தீயும் வேகமெடுக்கும். இரண்டாயிரம் சுற்றில் ஓடினாலும் ஆறாயிரத்தில் ஓடினாலும், தீ தன் வேலையை முடிக்க கிராங்க் சுழலும் கோணத்தில் ஏறத்தாழ அதே பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. இன்ஜினை விரட்ட விரட்ட தீ தானே கூட ஓடி வருகிறது. யாரும் இதற்காக ஒரு பாகம் செய்து பூட்டவில்லை. இப்படி ஓர் ஏற்பாடு இயற்கையில் இல்லாமல் போயிருந்தால், வேகமாகச் சுழலும் பெட்ரோல் இன்ஜின் என்ற ஒன்றே இருந்திருக்காது. ஸ்போர்ட்ஸ் கார் கிடக்கட்டும், ஸ்கூட்டர்கூட இருந்திருக்காது.

முழுக்க இலவசம் என்றும் சொல்ல முடியாது. பொறி விழுந்தவுடன் பிறக்கும் தீக்குஞ்சு கடுகளவுதான். சுழல்கள் அதை மடிக்க முடியாத அளவுக்குச் சின்னது. அது வளர்ந்து மடிப்புக்குள் வரும் வரையிலான நேரம் இன்ஜினின் வேகத்தைப் பொறுத்துப் பெரிதாகக் குறைவதில்லை. அதனால்தான் வேகம் ஏற ஏறப் பொறியை முன்கூட்டியே வைக்க வேண்டியிருக்கிறது: பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே, உச்சிக்கு முப்பது டிகிரி முன்னாலேயே. மெக்கானிக்குகள் ‘டைமிங் அட்வான்ஸ்’ என்று சொல்வது இந்தத் தீக்குஞ்சுக்குக் கொடுக்கும் அவகாசம்தான்.

இப்போது ரிக்கார்டோ. ஹாரி ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயர் 1915-இல் தொடங்கிய ஆலோசனை நிறுவனம்தான் அது. இந்தக் கொந்தளிப்பின் அருமையை முதலில் புரிந்துகொண்டு, சிலிண்டரின் மூடியான ஹெட்டின் வடிவத்தாலேயே அதைக் கூட்டலாம் என்று செய்து காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். அவர் வாழ்நாள் முழுக்கத் துரத்திய இன்னொரு விஷயம் நாக்கிங். ஏற்றத்தில் மூச்சு வாங்கும் காரில் இரும்புத் தட்டில் கூழாங்கல் விழுவதுபோல் ஒரு சத்தம் கேட்குமே, அதுதான்.

தீ பிளக்கிலிருந்து கிளம்பி மறுகோடிக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. எரிந்த பகுதி விரிவடைந்து, இன்னும் எரியாமல் மூலையில் காத்திருக்கும் கலவையை நெருக்குகிறது. நெருக்கினால் சூடேறும். ஓர் எல்லைக்கு மேல் சூடேறினால், தீ வந்து தொடும்வரை அது காத்திருக்காது. தானாகவே, மொத்தமாக, ஒரே கணத்தில் பற்றிக்கொள்ளும். இதுதான் அசல் வெடி. அதிலிருந்து கிளம்பும் அழுத்த அலை சிலிண்டரின் சுவர்களுக்கிடையே மோதி மோதி ஒலிக்கும். ஆல்ஃபாவின் விட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் நொடிக்கு ஏழாயிரம் அதிர்வுக்குப் பக்கத்தில் வருகிறது. நம் காது நன்றாகவே கேட்கும் சுருதி. அந்த அலைதான், மேலே சொன்னேனே, பிஸ்டனை மூடியிருக்கும் மெல்லிய வாயுக் கவசத்தைக் கிழிப்பது. கவசம் போனால் அலுமினியம் நேரே தீயில். நிமிடக் கணக்கில் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

நாக்கிங்கைத் தவிர்க்க உலகம் கொடுத்த விலை கொஞ்சமில்லை. 1921-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில், ஈயச் சேர்மம் ஒன்றைப் பெட்ரோலில் கலந்தால் நாக்கிங் அடங்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதன்பின் தலைமுறை தலைமுறையாக உலகத்தின் தெருக்களில் ஈயத்தைப் புகையாக விட்டார்கள். கார்களுக்கான ஈயப் பெட்ரோலைக் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, ஆண்டு 2021. ஒரு டிக்டிக் சத்தத்தை அடக்க ஒரு நூற்றாண்டு விஷம்.

மாபுக்-ரிக்குத் திரும்புவோம். அங்கே நடந்ததைக் கொரியத் தொழில்நுட்பத்தின் வளர்ச்சியை ஆராய்ந்த பேராசிரியர் லின்சு கிம் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். பதினான்கு மாத உழைப்புக்குப் பின் முதல் மாதிரி இன்ஜின் தயாரானது. முதல் சோதனையிலேயே பிளாக் துண்டு துண்டாக உடைந்தது. பிறகு ஏறத்தாழ வாரம் ஒரு புது இன்ஜின் வந்தது, வந்ததெல்லாம் உடைந்தது. ஏன் உடைகிறது என்று குழுவில் ஒருவருக்கும் புலப்படவில்லை. நிர்வாகத்திலேயே சிலர் நம்பிக்கை இழந்தார்கள். இன்னும் பதினொரு இன்ஜின்களைப் பழைய இரும்புக்குப் போட்ட பிறகுதான் ஒன்று சோதனையைத் தாங்கி நின்றது. வடிவத்தில் செய்த மாற்றங்கள் 1986-இல் மட்டும் 156. எல்லாம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது சோதனைக்காகச் செய்த இன்ஜின்கள் 324. இருநூறுக்கும் மேல் கியர்பாக்ஸ், 150 சோதனைக் கார்கள் தனிக்கணக்கு.

வெறும் விடாமுயற்சிக் கதையாக இதைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அது போதவில்லை. ரிக்கார்டோவிடம் ஆலோசனை இருந்தது, வரைபடம் இருந்தது, பாடப்புத்தகமும் இருந்தது. பிறகும் ஏன் உடைந்தது? ஓர் இன்ஜினில் ஒன்றைத் தொட்டால் பத்து அசையும். சுவரைத் தடிமனாக்கினால் பலம் கூடும். ஆனால் உள்பக்கம் கொதிக்க, வெளிப்பக்கம் தண்ணீரில் இருக்க, தடித்த சுவர் இரண்டு பக்கமும் வேறுவேறு அளவில் விரிந்து தானே விரிசல் விடும். விரிசலைத் தவிர்க்க மெலிதாக்கினால் ஹெட் போல்ட்டை முறுக்கும்போதே சிலிண்டரின் வட்டம் கோணிக்கொள்ளும். வட்டம் கோணினால் ரிங் ஒட்டாது. எண்ணெய் மேலே ஏறும். ஏறிய எண்ணெய் கரியாகி, கரி கனன்று, பொறிக்கு முன்பே தீ வைக்கும். இதில் எதற்கும் தனித்தனியே விடை உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் விடை, எண்பதுகளின் கணினியில் கணக்குப் போட்டு வரக்கூடியதாக இல்லை. உடைத்துப் பார்த்தே தீர வேண்டும். உடைந்த இன்ஜினின் துண்டை வெட்டி, எங்கிருந்து விரிசல் கிளம்பியது என்று பார்ப்பதுதான் பாடம். அந்தப் பாடத்தை மிட்சுபிஷி தன் காலத்தில் தனியே படித்திருந்தது. அதைத்தான் விற்க மறுத்தது.

1991-இல் ஆல்ஃபா ஸ்கூப்பின் பானெட்டுக்குள் ஏறியது. அதன் வடிவத்திலேயே மலிவு காரின் புத்தி தெரிகிறது. சிலிண்டருக்கு மூன்று வால்வு: காற்று உள்ளே வர இரண்டு, புகை வெளியே போக ஒன்று. உள்ளே வருவதற்கு ஏன் கூடுதல் வாசல்? எரிந்த புகை தன் அழுத்தத்தாலேயே முட்டிக்கொண்டு வெளியேறிவிடும். உள்ளே வரும் காற்றுக்கோ பின்னாலிருந்து தள்ள வளிமண்டலம் மட்டுமே துணை. வட்டமான கூரையில் ஒரு பெரிய வட்ட வாசலைவிட இரண்டு சின்ன வட்டங்களைச் சேர்த்து வைத்தால் திறப்பு அதிகம் கிடைக்கும். வால்வும் எடை குறைந்து சுறுசுறுப்பாகத் திறந்து மூடும். அப்படியானால் நான்கு வால்வு வைத்திருக்கலாமே? வைக்கலாம். பெரும்பாலும் அதற்கு, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் இரண்டு வேண்டும், செலவு. மூன்று என்றால் ஒரே கேம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். அமெரிக்கக் கணக்கில் 81-ஆக இருந்த குதிரைத்திறன் 92 ஆனது. ஒன்றரை லிட்டருக்கு அந்தக் காலத்தில் அது மரியாதையான எண்.

அதோடு ஒரு டர்போ மாடலும் வந்தது: 115 குதிரைத்திறன். தோற்றத்துக்கும் ஓட்டத்துக்கும் இருந்த இடைவெளி கடைசியில் கொஞ்சம் அடைபட்டது இங்கேதான்.

பெட்ரோல் எரிந்து தரும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் சைலன்சர் வழியே சூடான புகையாக வீணாய்ப் போகிறது. அந்தப் புகையின் வழியில் ஒரு சின்ன விசிறியை வை. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு விசிறி. அது வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கட்டும். கூடுதல் காற்று வந்தால் கூடுதல் பெட்ரோல் எரிக்கலாம். சொல்ல இவ்வளவுதான். ஆனால் அந்த விசிறிகள் உள்ளங்கையில் அடங்குபவை. நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழல்பவை. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள விசிறி நிமிடத்துக்கு 1,20,000 சுற்று சுழன்றால் அதன் விளிம்பு நொடிக்கு முந்நூறு மீட்டருக்கு மேல் ஓடும். ஒலியின் வேகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் செக்கச் சிவக்கும் சூடு, மறுபக்கம் தெருக்காற்று, நடுவே விரல் நீள அச்சு. எந்த உலோகமும் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு இந்த வேகத்தில் சுழல முடியாது. அந்த அச்சு எண்ணெய்ப் படலத்தில் மிதந்துகொண்டே சுழல்கிறது. டர்போ காரை விரட்டிவிட்டு உடனே சாவியைத் திருப்பி நிறுத்தாதே என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான்: இன்ஜின் நின்றால் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும், அச்சு அப்போதும் சூட்டில் கிடக்கும்.

டர்போவுக்கும் நாக்கிங்குக்கும் ஜென்மப் பகை. அமுக்கிய காற்று ஏற்கெனவே சூடு. சிலிண்டருக்குள் மேலும் அமுக்கினால், மூலையில் காத்திருக்கும் கலவை பொறுமையிழந்துவிடும். அதனால் டர்போ ஆல்ஃபாவில் பிஸ்டன் அமுக்கும் விகிதத்தையே குறைத்தார்கள். அதற்கும் ஒரு தண்டம் உண்டு. குறைந்த வேகத்தில் டர்போ இன்னும் சுழன்று எழுந்திருக்காது, அமுக்கமும் குறைவு, கார் சோம்பும். ஆக்சிலரேட்டரை மிதித்தபின் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று பிக்கப் வரும். இன்றைய டர்போ கார்கள் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சி, அது ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பத்தால் உள்ளேயே குளிர்வித்து, இந்தப் பகையைப் பாதி தீர்த்துவிட்டன.

டர்போவின் அருமை தெரிய வேண்டுமானால் மலையேற வேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில் பைக்ஸ் பீக் என்ற சிகரம்; உயரம் 4,302 மீட்டர். ஆண்டுதோறும் அதன் உச்சிவரை கார்ப் பந்தயம் நடக்கும். 1992-இல் பாதை முழுக்கச் சரளை மண். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம்தான். சாதாரண இன்ஜின் உச்சியை நெருங்கும்போது பலத்தில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்தைத் தொலைத்திருக்கும். டர்போவோ, மெலிந்த காற்றைத் தானே இன்னும் வேகமாகச் சுழன்று அமுக்கி ஈடுகட்டப் பார்க்கும். அந்த ஆண்டு நியூசிலாந்துக்காரர் ராட் மில்லன் ஒரு ஸ்கூப் டர்போவை ஓட்டி, இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் இழுவை போகும் ஷோரூம் கார்களின் பிரிவில் வென்றார். பந்தய உலகில் இது பெரிய செய்தி ஒன்றும் இல்லை. உடைந்த பிளாக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த மாபுக்-ரி ஆட்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

ஸ்கூப் 1995 வாக்கில் முடிந்தது. அடுத்து டிபுரோன், பிறகு ஓட்டுநர் பக்கம் ஒரு கதவும் மறுபக்கம் இரண்டு கதவுமாக வந்த விசித்திரமான வெலோஸ்டர் என்று அந்த வரிசை நீண்டது. அவை வேறு கதை.

ஸ்கூப் இந்தியாவுக்கு வரவில்லை. அதன் இன்ஜின் குடும்பம் வந்தது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை கட்டி, 1998-இல் சான்ட்ரோவையும் 1999-இல் ஆக்சென்டையும் இறக்கியது. ஆக்சென்டின் பெட்ரோல் மாடலில் இருந்தது அதே 1,495 சிசி, அதே பன்னிரண்டு வால்வு ஆல்ஃபாதான். தமிழ்நாட்டின் பழைய ஒர்க்‌ஷாப்புகளில் அதன் ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்து வைத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். ஒவ்வொரு குழியிலும் பக்கம் பக்கமாக இரண்டு வால்வு, எதிரே தனியாக ஒன்று. பிளக் முனையைப் பார்த்தே மெக்கானிக் ஜாதகம் சொல்வார்: வெளிர்ப் பழுப்பு என்றால் நலம், ஈரக் கருப்பு என்றால் எண்ணெய் குடிக்கிறது. பிஸ்டனின் தலையில், பிளக்குக்குத் தொலைவான ஓரத்தில், மணல் வாரி அடித்ததுபோல் பொடிப் பொடிக் குழிகள் இருந்தால் அது நாக்கிங்கின் கையெழுத்து. தீ கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய மூலை எதுவோ அங்கேதான் அது விழும்.

ஏற்காடு ஏற்றத்தில் நான்காம் கியரிலேயே இழுத்துக்கொண்டு போகும் பழைய ஆக்சென்டில் அந்த டிக்டிக் எழும். குறைந்த சுற்று, முழு மிதி. உள்ளே கொந்தளிப்பு போதாமல் தீ மெதுவாக நடக்கிறது, மூலைக் கலவைக்குக் கொதிக்க வேண்டிய நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. கியரை இறக்கினால் சுற்று ஏறும், சுழல் ஏறும், தீ வேகமெடுத்து அந்த மூலையை முந்திப் பிடித்துவிடும். மெக்கானிக்கிடம் போய்ச் சத்தத்தைச் சொன்னால் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். “ஏத்தத்துல லோடு இழுக்க விடாதீங்க சார், மூணுக்கு எறக்கிடுங்க” என்பார். சரியான வைத்தியம்தான்.